ஷோரூம் எஸ்டிமேட் தலை சுற்ற வைக்கிறதா? கையெழுத்துப் போடுமுன் இதையெல்லாம் கேளுங்கள்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கார் சர்வீஸுக்கு ஷோரூம் நீட்டும் எஸ்டிமேட்டின் கடைசி வரியில் இருக்கும் மொத்தத் தொகையை வைத்துப் பேரம் பேசாதீர்கள். "கொஞ்சம் குறைச்சுப் போடுங்களேன்" என்று கேட்டால் சர்வீஸ் அட்வைசர் கால்குலேட்டரைத் தட்டிப் பத்து சதவீதம் குறைத்துக் கொடுப்பார், நீங்களும் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள், தேவையே இல்லாத ஒரு வேலைக்கு மீதித் தொண்ணூறு சதவீதம் கொடுத்திருப்பது அப்போது உறைக்காது.

தொகையை ஓரமாக வைத்துவிட்டு, எஸ்டிமேட்டை வரி வரியாகப் பிரித்துக் கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் மூன்றே கேள்விதான். இது ஏன் வேண்டும், அளந்து பார்த்தீர்களா? பார்ட் நம்பர் என்ன? லேபர் எத்தனை மணி? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கேட்டாலே எஸ்டிமேட்டில் சில வரிகள் தானாகக் காணாமல் போவதைப் பார்க்கலாம். சண்டையோ, குரல் உயர்த்துவதோ தேவையில்லை. எதிரில் இருப்பவர் பெரும்பாலும் மாத டார்கெட்டோடு அல்லாடும் ஒரு ஊழியர், அவரை முறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"தேய்ஞ்சிருக்கு" என்பது பதில் இல்லை

அதிகம் பணம் போவது பிரேக்கில்தான், ஏனென்றால் பிரேக் என்றதும் நாம் பயந்துவிடுகிறோம். ஆனால் காரிலேயே சுலபமாக அளந்து சொல்லக்கூடிய விஷயமும் அதுதான். புது பிரேக் பேடில் உராயும் பகுதி சுமாராக 10 முதல் 12 மி.மீ. கனம் இருக்கும். 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. 6 மி.மீ. இருக்கிறது என்றால் இன்னும் நிறைய ஓட்டலாம். எனவே "எத்தனை மி.மீ. இருக்கு, உள்பக்க பேடையும் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். உள்பக்கம் என்று குறிப்பிட்டுக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது: பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் இறுகிப்போனால் உள்ளே இருக்கும் பேட் மட்டும் வேகமாகத் தேயும், சக்கரத்தின் இடைவெளி வழியாக வெளிப் பேடை மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அந்த மாதிரி நேரத்தில் அட்வைசர் சொல்வதுதான் சரி.

"பேட் மாத்தினா டிஸ்க்கும் மாத்தணும் சார்" என்பது அடுத்தது. அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஒவ்வொரு டிஸ்க்கிலும் குறைந்தபட்ச கனம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருப்பார்கள், சர்வீஸ் மேனுவலிலும் இருக்கும். டிஸ்க்கின் கனம் அதைவிட நன்றாக அதிகமாக இருந்து, ஆழமான பள்ளமோ விரிசலோ இல்லாமல், பிரேக் பிடிக்கும்போது பெடலோ ஸ்டீயரிங்கோ அதிராமலும் இருந்தால் டிஸ்க்கை விட்டுவிட்டு பேடை மட்டும் மாற்றலாம். மழையில் நின்ற காரின் டிஸ்க்கில் படியும் லேசான துருவை மொபைலில் படம் பிடித்துக் காட்டி பயமுறுத்துவார்கள், இரண்டு தெரு ஓட்டி நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும் துரு அது.

பேட்டரியும் அப்படித்தான். "வீக்" என்றால் எவ்வளவு வீக்? இன்ஜினை அணைத்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால் முழுசாக சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட் வாக்கில் காட்டும், 12.2 என்றால் பாதி அளவுதான் சார்ஜ் இருக்கிறது. ஆனால் சார்ஜ் குறைவு வேறு, பேட்டரி செத்துப்போவது வேறு. தினமும் சின்னத் தூரமே ஓடும் காரில் நல்ல பேட்டரிகூட முழுசாக சார்ஜ் ஆகாமல் கிடக்கும். இன்ஜின் ஓடும்போது வோல்டேஜ் 13.5-லிருந்து 14.7-க்குள் வரவில்லை என்றால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும் (புது மாடல் சிலவற்றில் ஆல்டர்னேட்டரை கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும், அதனால் ஒரே ஒரு ரீடிங்கை வைத்து முடிவு செய்ய வேண்டாம்). இந்த நிலையில் பேட்டரியை மாற்றினால் புதுசும் சீக்கிரமே படுத்துவிடும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய்து பாருங்கள். சர்வீஸ் சென்டர்களில் பேட்டரி டெஸ்டர் இருக்கும், லோடு டெஸ்ட் செய்து அந்தப் பிரிண்டைக் கொடுக்கச் சொல்லுங்கள். பிரிண்ட் எடுக்க முடியாவிட்டால் டெஸ்டர் திரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

டயருக்கு ட்ரெட் ஆழம் எத்தனை மி.மீ. என்று கேளுங்கள், பல நாடுகளில் சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மி.மீ., மழைக்கு அதற்கு முன்பே மாற்றுவது புத்திசாலித்தனம். பிரேக் ஆயிலுக்கு ஈரப்பதம் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். ஷாக் அப்சார்பர் கசிகிறது என்றால் லேசாக எண்ணெய் வேர்த்திருக்கிறதா இல்லை வழிந்து ஒழுகுகிறதா என்று நேரில் பாருங்கள்.

மெனு கார்டு வேலைகள்

இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் க்ளீனிங், த்ரோட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) க்ளீனிங், டீகார்பனைசிங், ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன், அண்டர்பாடி கோட்டிங். இந்த வரிசை எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். இவற்றில் சிலவற்றுக்கு அர்த்தம் உண்டு: ஐடிலிங்கில் இன்ஜின் தடுமாறுகிறது, ஆர்பிஎம் ஏறி இறங்குகிறது என்றால் த்ரோட்டில் பாடியைச் சுத்தம் செய்வது சரியான வைத்தியம். ஒரு தொந்தரவும் இல்லாத காருக்கு "இத்தனை கிலோமீட்டர் ஆச்சு, ட்யூ" என்று சொல்லி அதையே செய்வது தலையில் கட்டும் வேலை.

இதற்குத் தீர்ப்பு சொல்ல வேண்டியது நீங்களோ நானோ அட்வைசரோ இல்லை, க்ளவ் பாக்ஸில் தூங்கிக்கொண்டிருக்கும் ஓனர்ஸ் மேனுவல்தான். எத்தனை கிலோமீட்டரில், எத்தனை மாதத்தில் எதை மாற்ற வேண்டும் என்று காரைச் செய்த கம்பெனியே அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "இது எந்த வரிசையில இருக்கு, காட்டுங்க" என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் வேண்டாம், அவ்வளவுதான்.

ஆனால் ஃப்ளூயிட் என்று சொல்லப்படும் எல்லாவற்றையும் ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும், நீண்ட மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது உள்ளே ஆவிக்குமிழி உண்டாகிப் பெடல் கையாலாகாமல் உள்ளே போய்விடும். அதனால்தான் பல கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. கூலன்ட், ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் இரண்டுக்கும் மேனுவலில் உள்ள கணக்கைத் தவறாமல் பின்பற்றுங்கள். ஒதுக்க வேண்டியதையும் செய்ய வேண்டியதையும் ஒரே பைக்குள் போட்டு நீட்டுவதுதான் இவர்களின் பழக்கம், பிரித்தெடுப்பது நம் வேலை.

லேபர் மணி என்றால் என்ன

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எஸ்டிமேட்டில் வரும் லேபர் மணி, மெக்கானிக் நிஜமாக வேலை பார்க்கும் நேரம் அல்ல. ஒவ்வொரு மாடலிலும் ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே போட்டு வைத்த அட்டவணை இருக்கிறது, ஃப்ளாட் ரேட் என்பார்கள். அதில் 1.2 மணி என்று இருந்தால் அனுபவசாலி நாற்பது நிமிடத்தில் முடித்தாலும் பில் 1.2 மணிக்குத்தான், புதுப் பையன் மூன்று மணி நேரம் இழுத்தடித்தாலும் அதே 1.2 மணிதான். இது நியாயமான ஏற்பாடுதான், இதில் சண்டை போட எதுவுமில்லை.

பார்க்க வேண்டியது வேறு. ஒரே இடத்தைக் கழற்றிச் செய்யும் இரண்டு வேலைகளுக்கு, கழற்றும் நேரத்தை இரண்டு தடவை போட்டிருக்கிறார்களா? முன் டிஸ்க்கை மாற்ற வேண்டும் என்றால் சக்கரத்தையும் காலிப்பரையும் கழற்றியே ஆக வேண்டும், பேட் எப்படியும் கையோடு வெளியே வந்துவிடும். அப்புறம் பேட் மாற்ற தனியாக முழு லேபர் எதற்கு? டைமிங் பெல்ட்டோடு ஓடும் வாட்டர் பம்ப், ஷாக் அப்சார்பரோடு அதன் மவுண்ட் எல்லாம் இதே கதைதான். "ரெண்டு லேபரும் ஓவர்லேப் ஆகுதே, ஒண்ணைக் குறைக்கலாமே?" என்று கேளுங்கள், அந்த ஒரு வார்த்தையிலேயே உங்களுக்கு விஷயம் தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சின்ன வேலை என்று நாம் நினைப்பது அந்த மாடலில் சின்ன வேலையாக இல்லாமல் போகலாம். ஹெட்லைட் பல்பு மாற்ற முன் பம்பரையே இறக்க வேண்டிய கார்கள் உண்டு. ஸ்பார்க் ப்ளக் எடுக்க இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டிய இன்ஜின்கள் உண்டு. எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள காரில் பின் பேடை மாற்றுவதற்கு முன் ஸ்கேனர் மூலமாகவோ கம்பெனி சொல்லும் வேறு முறையிலோ பிரேக்கை சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோக வேண்டும், பலவந்தமாகத் தள்ளினால் மோட்டார் போய்விடும். முன் கண்ணாடியில் கேமரா உள்ள காரில் கண்ணாடி மாற்றினால் கேமராவைக் காலிபரேட் செய்ய வேண்டியிருக்கும். உங்கள் மாடல் பெயரையும் வேலையையும் போட்டு ஒரு வீடியோ தேடிப் பார்த்துவிட்டுப் பேசப் போங்கள், ஐந்து நிமிட வேலைக்குக் கொள்ளை அடிக்கிறார்கள் என்று கத்தியபின் அது அரை நாள் வேலை என்று தெரிந்தால் அடுத்த வரியில் உங்கள் பேச்சு எடுபடாது.

பார்ட் நம்பர் கையில் இருந்தால்

கார் கம்பெனிகள் தங்கள் உதிரிபாகங்களில் பெரும்பாலானவற்றைத் தாங்களே செய்வதில்லை. பாஷ், டென்சோ, வேலியோ, மாலே, என்ஜிகே மாதிரியான நிறுவனங்கள் செய்து கொடுப்பதைத் தங்கள் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதே நிறுவனம் தன் சொந்தப் பெட்டியில் விற்கும் பாகம் பெரும்பாலும் விலை குறைவு. பார்ட் நம்பர் தெரிந்தால் இதை வீட்டில் உட்கார்ந்தபடியே ஒப்பிட்டுவிடலாம், கூடவே காரின் 17 எழுத்து வின் நம்பரையும் (ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள அடையாள எண்) வைத்துக்கொள்ளுங்கள், ஒரே மாடலில்கூட வருடத்துக்கு வருடம் பாகம் மாறும்.

மலிவு என்று முகம் தெரியாத விற்பனையாளரிடம் பிரேக் பேட், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் ப்ளக் வாங்காதீர்கள். அசலைப் போலவே பெட்டி அச்சடித்த போலிகள் அதிகம் புழங்குவது இவற்றில்தான். அந்தந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்கினால் நிம்மதி. இன்னொன்று, பாகத்தை நீங்களே வாங்கிக்கொண்டு போனால் பல ஒர்க்ஷாப்புகள் மாட்டிக் கொடுக்கும், ஆனால் கேரண்டி தராது, வாங்கிய பாகம் தப்பானதாக இருந்துவிட்டால் இரண்டாவது லேபரும் உங்கள் தலையில். மிச்சமாகும் தொகை அந்த ரிஸ்க்குக்குத் தகுமா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

செக் இன்ஜின் விளக்கு எரிந்தால்

இங்கேதான் ஊகத்தை வைத்துப் பெரிய பில் போடுகிறார்கள். டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டி பழுதுக்கான குறியீட்டு எண்ணை, அதாவது கோடை (code), மொபைலில் படித்துக் காட்டும் சின்ன ரீடர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முதல் தடவையே காசு திரும்பிவிடும். ஆனால் கோடு என்பது நோயின் பெயர் அல்ல, அறிகுறியின் பெயர். பி0420 வந்தால், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவாகத் தெரிகிறது என்று அர்த்தம். கன்வெர்ட்டர் போய்விட்டது என்று உடனே விலையுயர்ந்த அந்தப் பாகத்துக்கு எஸ்டிமேட் வரும். எக்ஸாஸ்ட் குழாயில் கசிவு இருந்தாலும், பின்னால் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் தப்பாகக் காட்டினாலும், இன்ஜினில் எரிபொருள் சரியாக எரியாத மிஸ்ஃபயர் இருந்தாலும் அதே கோடு வரலாம். அதேபோல பி0171 என்றால் கலவையில் எரிபொருள் போதவில்லை என்று பொருள், கிழிந்துபோன ஒரு சின்ன வேக்யூம் ஹோஸ்கூட காரணமாக இருக்கும். "இந்த பார்ட்தான்னு எந்த டெஸ்ட்ல உறுதி பண்ணீங்க, மாத்தியும் கோடு திரும்ப வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். காரை விடுவதற்கு முன் கோடை அழித்துவிடாதீர்கள், கூடவே பதிவாகியிருக்கும் தகவலும் போய்விடும். விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னுகிறது என்றால் அது மிஸ்ஃபயர், அப்படியே ஓட்டினால் நல்ல கன்வெர்ட்டரும் கெட்டுப்போகும், காரை ஓரங்கட்டிவிட்டு உதவிக்குக் கூப்பிடுங்கள்.

"இப்படி ஓட்டினா ஆபத்து சார்"

போனில் இந்த வாக்கியம் வந்ததும் பலர் சரி சொல்லிவிடுகிறார்கள். உண்மையிலேயே ஓட்டக்கூடாத நிலைகள் இருக்கின்றன: பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுவது, சக்கரத்தை சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்ட் ஆட்டம் கண்டிருப்பது, டயரில் உள்நூல் தெரிவது, எரிபொருள் அல்லது பிரேக் ஆயில் ஒழுகுவது. இதில் ஒன்று என்றால் விலை பார்க்காமல் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் வேறு இடத்துக்கு டோ பண்ணிக்கொண்டு போங்கள், ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். மற்றபடி சந்தேகமாக இருந்தால், "இந்த கார் ஓட்டப் பாதுகாப்பில்லைன்னு ஜாப் கார்டுல எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள் (காரை விடும்போது வேலைகளை எழுதிக் கையெழுத்து வாங்கும் தாள்தான் ஜாப் கார்டு). நிஜமான ஆபத்து என்றால் தயங்காமல் எழுதுவார்கள், எழுதவும் வேண்டும். அப்படி இல்லை என்றால் "அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம் சார்" என்று பேச்சு மாறும்.

அவகாசம் கிடைத்ததும் வெளியே ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள். உங்கள் பிராண்டு கார்களையே அதிகம் பார்ப்பவர், ஷோரூமில் வேலை பார்த்துவிட்டுத் தனியாக ஒர்க்ஷாப் போட்டவர் என்றால் ரொம்ப நல்லது. போனதும் ஷோரூம் எஸ்டிமேட்டை நீட்டிவிடாதீர்கள். நீட்டினால் அதே வேலையை அதைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்வார், வேலை தேவையா என்று பார்க்கமாட்டார். சத்தம் எப்போது வருகிறது, எந்த வேகத்தில் வருகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு அவரே கண்டுபிடிக்கட்டும் என்று விடுங்கள். பரிசோதனைக்கு அவர் கட்டணம் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள், இலவசமாகப் பார்ப்பவர் அந்தக் காசை ரிப்பேரில்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

வெளியே போனால் வாரண்டி போய்விடுமா? அட்வைசர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் 1975-இலிருந்தே மேக்னசன்-மாஸ் சட்டம் இருக்கிறது, தங்கள் பிராண்டு பாகமோ சர்வீஸோ வாங்கினால்தான் வாரண்டி என்று கம்பெனி பொதுவாக நிபந்தனை போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டி விதிகளும் அதே திசையில்தான் போகின்றன. உங்கள் நாட்டில் என்ன விதி என்பதற்கு வாரண்டி புத்தகத்தையும் நுகர்வோர் சட்டத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள், அட்வைசரின் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். எங்கே செய்தாலும் தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயிலின் கிரேடு மூன்றும் உள்ள பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

ஷோரூமுக்கே போக வேண்டிய வேலைகளும் உண்டு. வாரண்டியில் இருக்கும் பழுது, சாஃப்ட்வேர் அப்டேட், ரீகால் (தயாரிப்புக் குறையைச் சரிசெய்யக் கம்பெனியே காரைத் திரும்ப அழைப்பது). உங்கள் வின் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு ரீகால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எந்த ரிப்பேருக்கும் காசு கொடுக்க வேண்டும், ரீகால் வேலை இலவசம். வாரண்டி முடிந்து கொஞ்ச நாளிலேயே பெரிய பாகம் ஒன்று போய்விட்டால், குட்வில் வாரண்டியில் செய்து தர முடியுமா என்று கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்கள். செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வது நடக்கிற விஷயம்தான், ஆனால் கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

நீங்களே செய்யக்கூடியவை

கேபின் ஃபில்டர் பல கார்களில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கிறது, மேனுவலில் படத்தோடு போட்டிருப்பார்கள், காற்று போகும் திசையைக் காட்டும் அம்புக்குறியை மட்டும் கவனித்து மாட்ட வேண்டும். இன்ஜின் ஏர் ஃபில்டர், வைப்பர் ப்ளேடு, ரிமோட் சாவியின் பட்டன் செல் இதெல்லாம் மாற்ற லேபர் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஹாலஜன் பல்பை மாற்றும்போது கண்ணாடியில் விரல் படக்கூடாது, கையிலுள்ள எண்ணெய்ப் பசை சூட்டில் பல்பைச் சீக்கிரம் கெடுத்துவிடும். பேட்டரி கழற்றும்போது நெகட்டிவை முதலில், மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியில். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உள்ள கார் என்றால் அதற்கேற்ற ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகை பேட்டரிதான் போட வேண்டும், சில மாடல்களில் புது பேட்டரியைக் கம்ப்யூட்டரில் பதியவும் வேண்டும்.

ஏர்பேக், ஹைபிரிட் மற்றும் எலெக்ட்ரிக் கார்களின் ஆரஞ்சு நிறக் கேபிள், சஸ்பென்ஷன் ஸ்பிரிங், பெட்ரோல் லைன் பக்கம் போகவே போகாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுப்பதும் கூடாது.

காரை விடும்போதே

ஜாப் கார்டில் "என் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கூடுதல் வேலை செய்ய வேண்டாம், கழற்றிய பழைய பாகங்கள் திரும்ப வேண்டும்" என்று எழுதச் சொல்லிப் பிறகு கையெழுத்துப் போடுங்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மாதிரி பழசை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்ளும் பாகங்கள் என்றால் கையில் வாங்க முடியாது, கண்ணால் பார்க்கலாம். பில் வந்ததும் எஸ்டிமேட்டில் இல்லாமல் முளைத்திருக்கும் கன்ஸ்யூமபிள்ஸ், வாஷிங், சானிடைசிங் வரிகளைத் தேடுங்கள், கேட்டால் எடுத்துவிடுவார்கள். மறுத்தால் அட்வைசரோடு மல்லுக்கட்டாமல் சர்வீஸ் மேனேஜரிடம் போங்கள், அங்கேயும் ஆகவில்லை என்றால் எஸ்டிமேட், பில் இரண்டின் படத்தோடு கம்பெனிக்கு மெயில்.

ஒவ்வொரு சர்வீஸிலும் பேட் எத்தனை மி.மீ., டயர் எத்தனை மி.மீ., பேட்டரி டெஸ்டில் என்ன வந்தது என்பதை கிலோமீட்டரோடு சேர்த்து மொபைலில் குறித்து வையுங்கள். போன தடவை 7 மி.மீ. என்று எழுதிக் கொடுத்த பேட் ஐயாயிரம் கிலோமீட்டருக்குள் 2 மி.மீ. ஆகிவிட்டது என்றால் ஒன்று காலிப்பர் சிக்கியிருக்கிறது, இல்லை இரண்டில் ஒரு தடவை யாரும் அளக்கவே இல்லை. எது என்று சக்கரத்தைக் கழற்றி உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லுங்கள்.